கறக்கும் பக்கம்

எங்கள் மாட்டுக்கொட்டிலில் இப்போது கமரா பூட்டியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அதைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள், மாடுகளைப் பார்ப்பதில்லை. வன்னியில் இந்த ஸ்கந்தபுரத்தில் என்னைப் போல் மாடு வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. அதையும் நானே சொல்லவேண்டிய காலமாய்ப் போயிற்று.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், எழுதுவது அதைவிட மெதுவு. ஆனாலும் இந்தக் கமராக்கள் ஏன் வந்தன, வந்த பிறகு எனக்கும் என் மகனுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதை வேறு ஒருவரும் எழுத முடியாது. பக்கத்து வளவுக்காரருக்கும் அது தெரியாது. தெரியவிட நான் விரும்பியதும் இல்லை.

என் புருஷனின் ஆட்கள் தீவுப் பக்கத்தவர்கள். நல்ல தண்ணீர் இல்லாத இடத்திலிருந்து குளத்துத் தண்ணீரை நம்பி இங்கே காணி எடுத்து வந்தவர்கள். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் கடைசிச் சண்டையில் போய்விட்டாள். எங்கே, எப்படி என்று கண்டவர்கள் ஒருவரும் இல்லை. ஓடிய இடமெல்லாம் பெட்டிகளை விட்டுவிட்டு ஓடியதால் அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இளையவனைச் சண்டை முடிந்த பிறகு வெளிநாட்டுக்கு அனுப்பினோம். அவன் போய்ச் சில வருஷத்தில் புருஷனும் நெஞ்சு வருத்தத்தில் போனார். செத்தவீட்டை மகன் போனில்தான் பார்த்தான். கொள்ளி வைத்தது என் கொழுந்தனின் மகன்.

மகன் அங்கே ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை செய்கிறான். அவன் வேலை முடிந்து அறைக்கு வரும் நேரமும் நான் விடியப்புறம் பால் கறக்கும் நேரமும் ஒன்று. தகப்பன் செத்த நாளிலிருந்து அந்த நேரத்தில் தவறாமல் எடுப்பான். நான் போனைச் சத்தமாக விட்டு மாட்டுத்தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டுக் கறந்துகொண்டே கதைப்பேன்.

"அம்மா, வெள்ளை நிண்டு குடுக்கிறாளோ?"

"அவள் குடுப்பாள். நீ சாப்பிட்டியோ?"

"சாப்பாட்டுக் கடையிலை வேலை செய்யிறவனிட்டைக் கேக்கிற கேள்வியே அது?"

"அங்கை சமைக்கிறது ஊருலகத்துக்கு. உனக்கு ஆர் போட்டுத் தாறது?"

அவன் சிரிப்பான். பிறகு ஒவ்வொரு மாடாய் விசாரிப்பான். கோழிகளை விசாரிப்பான். வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிட்டார்களா என்று கேட்பான். வாளி நிரம்புகிற மட்டும் கதை போகும். கடைசியில் நான் ஒன்று கேட்பேன்.

"எப்ப மோனை வாறாய்?"

"பாப்பம் அம்மா. வைக்கட்டோ?"

அதோடு வைத்துவிடுவான். அந்தக் கதைதான் எனக்கு நாள் முழுவதற்கும் சாப்பாடு. வீட்டில் வேறு ஆள் இல்லை. கைக்கு உதவியாக ஒருத்தி வருவாள், சாணி அள்ளுவாள், புல் வெட்டுவாள். அவளுடைய தாய் தகப்பன் மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள், கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்தவர்கள். அவள் இங்கேயே பிறந்து இங்கேயே பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். வாய் ஓயாத மனுசி. ஆனாலும் மத்தியானத்தோடு அவள் தன் வீட்டுக்குப் போய்விடுவாள்.

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு காலை கொட்டிலுக்குப் போனபோது செவலை மாட்டின் இடம் வெறுமையாய்க் கிடந்தது. கயிற்றின் மிச்சம் கட்டையில் தொங்கியது. அறுந்த கயிறு என்றால் நுனி பிரிந்திருக்கும். இது நேராய் வெட்டுப்பட்டிருந்தது. உதவிக்கு வருகிறவள்தான் வாய்க்காலுக்கு அப்பால் காட்டோரம் தேடிப் போனாள். திரும்பி வரும்போது கையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அம்மா, நம்ம செவலைதாங்க. நீங்க வராதீங்க. சொன்னா கேளுங்க."

நான் போனேன். என் மாட்டை நான் பார்க்காமல் யார் பார்ப்பது. தலையும் தோலும் கிடந்தன. பக்கத்தில் வயிற்றுக் கன்றை வெளியே இழுத்துப் போட்டிருந்தார்கள். கன்றுக்கு மயிர் முளைத்துவிட்டது. இன்னும் கொஞ்ச நாளில் ஈன்றிருப்பாள். இறைச்சிக்கு வெட்டியவனுக்கு அதில் பிரயோசனம் இல்லை. நானும் அவளுமாகக் குழி வெட்டி, இருந்ததையெல்லாம் போட்டு மூடினோம். பொலிசுக்குச் சொன்னோம், வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

அடுத்த நாள் கறக்கும் நேரத்தில் மகனுக்குச் சொன்னேன். கன்றின் கதையையும் சொல்லிவிட்டேன்.

"அம்மா, நீங்கள் தனிய. அவங்கள் கத்தியோடை வந்திருக்கிறாங்கள். நீங்கள் சத்தம் கேட்டு எழும்பிப் போயிருந்தால்?"

"போயிருந்தால் கயிறு வெட்டின கையை நான் பாத்திருப்பன்."

"உங்கட வீரக் கதையை விடுங்கோ. நான் கமரா பூட்ட ஆள் அனுப்பிறன்."

அப்படித்தான் கிளிநொச்சியிலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். பின்சீற்றில் வயர்ச் சுருள், பெட்டிகள், துளை போடுகிற மெசின். மேலே ஏணி கட்டியிருந்தது. நான் புருஷன்தான் ஏறுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பெண்சாதி சுடிதாருக்கு மேலே ஆம்பிளைச் சேட் ஒன்றைப் போட்டுப் பட்டன் பூட்டிக்கொண்டு ஏறினாள். புருஷன் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றான்.

"எனக்கு ஏணி எண்டாலே தலை சுத்தும் அம்மா. அதுக்குத்தான் இவவைக் கட்டினது."

மேலேயிருந்து அவள், "பொய் சொல்லாதேங்கோ. கட்டேக்கை ஏணிக் கதையே இல்லை. காணி இருக்கெண்டுதான் சொன்னவர். காணியும் பொய்," என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. செவலை போன பிறகு அன்றுதான் சிரித்தேன்.

வேலை லேசானதில்லை. கொட்டிலுக்கும் கோழிக்கூட்டுக்கும் நெல் அடுக்கும் அறைக்கும் கூரை தகரம். தகரம் சிக்னலை விழுங்கிவிடும் என்று அந்தப் பெண் சொன்னாள். அதனால் நெல் அறையின் கூரைக்கு மேலே ஒரு கம்பி நட்டு, டவர் இருக்கிற திசைக்குத் திருப்பி ஒரு பெட்டியைக் கட்டினார்கள். அங்கிருந்து வயர் வீட்டுக்கு வந்து விறாந்தைச் சுவரில் ரவுட்டர் என்ற பெட்டிக்குள் போனது. விறாந்தையிலிருந்து கொட்டிலுக்கும் கோழிக்கூட்டுக்கும் நிலத்தைக் கிண்டிக் குழாய் புதைத்து அதற்குள்ளே வயர் விட்டார்கள். குழாய் இல்லாவிட்டால் எலி ஒரு கிழமைக்குமேல் விடாது. ரவுட்டருக்குக் கரண்ட் கொடுக்கிற பிளக்கை என் தலைக்கு மேலே உயர்த்திப் போட்டார்கள். அதற்கும் மேலே ஒரு கமரா, வளவு வாசல் படலைப் பக்கம் பார்த்தபடி. அந்த ரவுட்டரில் பச்சை வெளிச்சம் நின்றால்தான் எல்லாக் கமராவும் மகனுக்குத் தெரியும், அது அணைந்தால் ஒன்றும் தெரியாது என்று விளக்கம் சொன்னாள்.

"இருட்டிலை இதுக்குக் கண் தெரியுமோ பிள்ளை?"

"பூனையை விட நல்லாத் தெரியும்."

"நாங்கள் கதைக்கிறது?"

"கேக்கிற கமராவும் இருக்கு, அம்மா. உங்கட மகன் சொன்னது பாக்கிறதை மட்டும்."

"அது நல்லது. நான் மாட்டோடை கதைக்கிறது அவனுக்கு என்னத்துக்கு?"

கொட்டிலுக்குள் எங்கே பூட்டுவது என்று புருஷனும் பெண்சாதியும் கொஞ்சநேரம் வாக்குவாதப்பட்டார்கள். கொட்டிலில் ஒரு பக்கம்தான் சுவர், மற்றப் பக்கம் திறந்தது, சாரல் அடிக்கும். கடைசியில் சுவர் மூலையில் பூட்டினார்கள். அங்கிருந்து பார்த்தால் மாடுகளும் வாசலும் ஒன்றாய்த் தெரியும்.

எல்லாம் பூட்டி முடிந்ததும் மகன் போனில் வந்தான். "தெரியுது அம்மா! தெரியுது!" என்று கத்தினான். "முத்தத்துத் தேசிமரம் இவ்வளவு பெருத்திட்டுதோ? அம்மா, அந்தக் கதிரையிலை ஆர், நீங்களோ? கையைக் காட்டுங்கோ." காட்டினேன். தகப்பனின் செத்தவீட்டுக்குப் பிறகு வீட்டை அவன் பார்த்தது அன்றுதான்.

நானும் சந்தோஷப்பட்டேன். அதை மறைக்கத் தேவையில்லை.

கமரா எடுக்கிறதெல்லாம் ஒரு பெட்டிக்குள் சேர்ந்து கிடக்கும், பெட்டி நிரம்பினால் பழையது அழிந்து புதியது பதியும் என்று அந்தப் பெண் போகும்போது சொன்னாள். அவர்கள் போன பிறகு கொட்டில் வாசலில் நின்று யோசித்தேன். மாடு அசைபோடுவதை, கோழி மண் கிளறுவதை, காற்றுக்குச் சருகு பறப்பதையெல்லாம் இது எடுத்து வைக்கிறது. என் மகளின் முகம் ஒரு துண்டுக் காகிதத்திலும் இல்லை. சில நாட்களில் அவளுடைய மூக்கு எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க எனக்கே நேரம் எடுக்கிறது.

உதவிக்கு வருகிறவளுக்கு அன்று தொடக்கம் பெரிய கொண்டாட்டம். தலை சீவாமல் கொட்டிலுக்குள் வரமாட்டாள். வந்ததும் கமராவுக்கு முன்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டுவாள்.

"தம்பி, சௌக்கியமா இருக்கீங்களா? இங்க உங்கம்மா நேத்து என்னைய என்னா ஏச்சு ஏசுனாங்க தெரியுமா?"

"அதுக்குக் கேக்காதடி."

"கேக்கலைனா என்னாங்க, வாயி அசையுறது தெரியுமில்ல?"

முதல் நாட்களில் மகன் முன்னைவிட அதிகமாக எடுத்தான். தான் கண்டதையெல்லாம் எனக்கே சொல்லுவான். நேற்றுப் பின்னேரம் ஏன் நின்று நின்று நடந்தீர்கள், முழங்கால் நோகிறதோ. படலையில் வந்து நின்றவர் யார். கறுப்புக் கோழி அடைக்கு இருக்கிறதோ. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் ஆயிற்று. பிறகு கிழமைக்கு ஒருக்கால். புரட்டாதி பிறந்தபோது கறக்கும் நேரத்தில் தொட்டி விளிம்பில் போன் சும்மா கிடந்தது. நான் அதை வைப்பதை மட்டும் விடவில்லை.

"தம்பி போன் எடுத்துச்சுங்களா?" என்று உதவிக்கு வருகிறவள் கேட்பாள்.

"அவன் பாக்கிறான்தானே. பிறகேன் எடுக்கோணும்?"

"அது சரிதாங்க. இருந்தாலும்..."

"புல்லைப் போடு. மாடு நிக்குது."

நான் எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள்தான் எடுப்பார்கள். இங்கிருந்து போன் போனால் அங்கே நெஞ்சு திடுக்கிடும். ஒன்று ஆரோ செத்துப்போயிருக்கவேண்டும், இல்லாவிட்டால் எதையோ கேட்க எடுக்கிறார்கள். நான் ஒருவரிடமும் ஒன்றும் கேட்டவள் இல்லை. அகதி முகாமில்கூட வரிசையில் முண்டியடித்து வாங்கியவள் இல்லை. என் பிள்ளையிடம், எனக்கு உன் குரல் வேணும் என்று எப்படிக் கேட்பது?

புரட்டாதி நடுவில் பின்னேர இடி தொடங்கியது. வன்னியில் இடி இடித்தால் முதல் வேலை பிளக் எல்லாம் கழற்றுவது. ரிவி, பிரிட்ஜ், போன் சார்ஜர் ஒன்றும் மிச்சம் விடக்கூடாது. கரண்ட் வந்த காலத்திலிருந்து எல்லா வீட்டிலும் அப்படித்தான். அன்று மேற்கே வானம் கறுத்து உறுமத் தொடங்கியதும் நான் ஓடி ஓடி எல்லாவற்றையும் கழற்றினேன். விறாந்தையில் அந்த ரவுட்டர்ப் பிளக்கும் கண்ணில் பட்டது. எக்கி, அதையும் இழுத்தேன். பச்சை வெளிச்சம் அணைந்தது.

மழை விழுமுன் போன் அடித்தது.

"அம்மா! என்ன நடந்தது? எல்லாக் கமராவும் நிண்டிட்டுது! ஆரும் வளவுக்குள்ளை வந்தவங்களோ?"

"ஒருத்தரும் இல்லை. இடி இடிக்குது, பிளக்கைக் கழட்டினனான்."

"ஐயோ, நெஞ்சே நிண்டுபோச்சு. செவலைக் கதை கண்ணுக்குள்ளை வந்திட்டுது." அவன் மூச்சு வாங்கினான். "வேலையிலை நிண்டு எடுக்கிறன். நீங்கள் சுகமோ?"

"நல்ல சுகம்."

"முழங்கால்?"

"அது கிடக்கு."

"கன நாள் கதைக்கேல்லை என்ன அம்மா..."

மழை தகரத்தில் கொட்டத் தொடங்கிவிட்டது. அவன் சொன்னது பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. கேட்டதே போதுமாயிருந்தது. அன்றிரவு நன்றாய்த் தூங்கினேன்.

ஐப்பசி முழுவதும் இடி. இடிக்குப் பின்னால் போன். எல்லாரும் வெயிலைக் கேட்ட நாட்களில் நான் மேற்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மாரி இறங்கியது. நாள் முழுக்கத் தூறும், ஆனால் இடி இல்லை. தை பிறந்து வெயிலும் வந்தது. பட்டிப்பொங்கலுக்கு மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, கமராவுக்கு முன்னாலேயே பொங்கினேன். மகன் எடுப்பான் என்று பார்த்தேன். மாடுகள் பொங்கல் தின்று, மாலைகளையும் தின்று முடித்தன. போன் வரவில்லை.

அடுத்த நாள் பின்னேரம், வானத்தில் ஒரு முகில்கூட இல்லாத நேரம், நான் விறாந்தைக்குப் போய் அந்தப் பிளக்கைக் கழற்றினேன்.

எடுத்தான். இடி என்று சொன்னேன். சரி அம்மா, கவனம் என்றான். வெள்ளை மாட்டைப் பற்றிக் கேட்டான், சொன்னேன்.

பிறகு சில நாள் பொறுத்து இன்னொருமுறை. அப்போது மழை இருட்டு என்றேன். மூன்றாம் முறை கழற்றியபோது அவன் குரலுக்குப் பின்னால் ஓர் ஆள் அந்த நாட்டுப் பாஷையில் சத்தம் போட்டது கேட்டது. கோப்பைகள் படாரென்று விழுகிற சத்தமும் கேட்டது. அவன் போனைப் பொத்திக்கொண்டு அந்த ஆளுக்கு ஏதோ பணிந்து சொன்னான். என் பிள்ளை அப்படிப் பணிந்து கதைத்து நான் கேட்டதில்லை.

"ஆரடா அது ஏசுறது?"

"முதலாளி. அது ஒண்டுமில்லை. அம்மா, மழையோ?"

"ஓம். இருட்டிக்கொண்டு வருது."

அவன் ஏதோ கதவைத் திறந்து வெளியே போனது கேட்டது. சத்தம் அடங்கியது.

"அம்மா, பொய் சொல்லாதேங்கோ. நீங்கள் முத்தத்தாலை நடந்து வரேக்கை உங்கட நிழல் கறுப்பாய் விழுந்தது. மழை இருட்டிலை நிழல் விழுமோ?"

வயதுபோன காலத்தில் பெற்ற பிள்ளையிடம் பிடிபட்டு நிற்பது எப்படி இருக்கும் என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

"எப்பவிலையிருந்து தெரியும்?" என்று கேட்டேன்.

"பட்டிப்பொங்கலுக்கு அடுத்த நாளிலையிருந்து."

"தெரிஞ்சும் ஏன் எடுத்தனி?"

"அம்மா கூப்பிடுறா எண்டு எடுத்தனான்."

பிறகு கேட்டேன், "அப்ப மற்ற நாளிலை?"

"மற்ற நாளிலையும் நான் உங்களைப் பாக்கிறனான் அம்மா. வேலை முடிஞ்சு வந்து, நீங்கள் கறந்து முடியுமட்டும் பாத்துக்கொண்டுதான் படுக்கிறது. ஒரு நாளும் விட்டதில்லை."

"பாக்கிறவனுக்கு ஒரு வார்த்தை கதைக்க ஏலாதோ?"

"கதைச்சால் கடைசியிலை நீங்கள் ஒண்டு கேப்பீங்கள்."

என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். நான் ஒவ்வொரு நாளும் கேட்டது அந்த ஒன்றைத்தான்.

அவனே சொன்னான். இதற்கு முன் ஏன் சொல்லவில்லை என்றும் சொன்னான். அவனுடைய அகதிக் கேஸ் முடிந்து கனகாலம். அந்த நாட்டில் இருக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஊருக்கு மட்டும் போகக்கூடாது. பயம் என்று சொல்லித்தானே இருக்க இடம் கொடுத்தது, ஊருக்குப் போனால் பயம் இல்லை என்று ஆகிவிடும், பிறகு திரும்பி உள்ளே விடமாட்டார்கள். தகப்பன் செத்தபோதும் அதனால்தான் வரவில்லை. அப்போது எனக்குச் சொன்னது ரிக்கற் கிடைக்கவில்லை என்று.

"இந்தியாவிலை எண்டாலும் சந்திக்கலாமே? அப்பிடிக் கனபேர் சந்திக்கினம்," என்றேன்.

"கேட்டுப் பாத்தனான். என்ரை அகதிப் பாஸ்போட் புத்தகத்துக்கு விசா குடுக்கினம் இல்லை. ரெண்டுதரம் கேட்டுப் பாத்திட்டன்." மூக்கை உறிஞ்சினான். "ஒவ்வொரு நாளும் நீங்கள் கேக்க, நான் பாப்பம் பாப்பம் எண்டு சொல்லி... கமரா வந்தாப்போலை எனக்கு லேசாய்ப் போச்சு அம்மா. பாக்கலாம், ஆனா நீங்கள் கேக்கமாட்டீங்கள்."

கமரா திருடனுக்குப் பூட்டினது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் அழவில்லை. "முதலாளி தேடப்போறான், உள்ளை போ," என்றேன். "இனி நான் கழட்டமாட்டன். இடி இடிச்சால் மட்டும்தான்."

"அம்மா, ஒண்டு சொல்லட்டோ? நீங்கள் பிளக் கழட்ட வாறபோதுதான் உங்கட முகம் எனக்குக் கிட்டத் தெரியும். நீங்கள் மேலை பாத்துக் கையை நீட்டுவீங்கள், அதோடை படம் நிண்டிடும். அந்தக் கடைசிப் படத்தைத்தான் போனிலை எடுத்து வச்சிருக்கிறன். கொட்டிலிலை நீங்கள் இருந்தால் முதுகுதான் தெரியும். இத்தனை மாதமாய் நான் பாத்தது உங்கட முதுகு."

"சரி. வை," என்றேன்.

பிளக்கைத் திரும்பச் செருகினேன். பச்சை வெளிச்சம் வருமட்டும் கீழே நின்றேன். பிறகு பின்னேரப் பால் கறக்கக் கொட்டிலுக்குப் போய் வாளியை வைத்துக்கொண்டு இருந்தேன். அன்று வெள்ளை என் நடுக்கத்துக்குப் பாலை இறக்கவில்லை. கன்றை அவிழ்த்து அதற்கே விட்டுவிட்டேன்.

மாடு வைத்திருக்கிறவர்களுக்குத் தெரியும், பசு ஒரு பக்கத்துக்குத்தான் கறக்க விடும். முதல் கன்று போட்டபோது எந்தப் பக்கம் இருந்து கறந்து பழக்கினோமோ, சாகுமட்டும் அந்தப் பக்கம்தான். மறுபக்கம் போய் இருந்தால் வாளியும் பறக்கும், கறக்கிறவளும் பறப்பாள். என் மாடுகள் எல்லாம் நான் பழக்கியவை, எல்லாம் ஒரே பக்கம். அந்தப் பக்கம் இருந்தால் கமராவுக்கு என் முதுகு.

கமராவை இடம் மாற்றிப் பூட்டலாம். கிளிநொச்சிக்குச் சொல்லி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டால் வருவாள். ஆனால் திறந்த பக்கத்தில் சாரல் படும் என்பாள், வாசல் தெரியாது என்பாள், ஏன் அம்மா என்று கேட்பாள். ஏன் என்று நான் அவளுக்குச் சொல்லமாட்டேன்.

அதனால் மாட்டை மாற்றுவது என்று முடிவெடுத்தேன்.

வெள்ளையோடுதான் தொடங்கினேன், அவள்தான் பொறுமைசாலி. முதலில் மறுபக்கம் நின்று தடவிக்கொடுத்தேன். கன்றை அந்தப் பக்கமே கட்டினேன். புண்ணாக்கும் அந்தப் பக்கத்துக் கையாலேயே கொடுத்தேன். பிறகு வாளி இல்லாமல் போய் இருந்து மடியை மட்டும் தொட்டேன். உதைத்தாள். முழங்காலுக்குக் கீழே கறுத்துக் கன்றிப்போய்விட்டது. உதவிக்கு வருகிறவள் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே ஏசினாள்.

"ஏங்க, இந்த வயசுல மாட்டோட மல்லுக்கட்டுறீங்க? நல்லாத்தானே கறந்துக்கிட்டிருந்தீங்க அந்தப் பக்கம்!"

"அந்தப் பக்கம் இருந்தால் கால் விறைக்குது."

"இந்தப் பக்கம் இருந்தா கால் ஒடையுதே, அதுக்கு என்னா சொல்லுறீங்க?"

"வாயை மூடிக்கொண்டு தேய்."

அவள் என்னைப் பார்த்தாள், மூலையில் இருந்த கமராவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை. வாய் ஓயாத மனுசிதான், ஆனாலும் எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவள்.

இரண்டு வாளிப் பால் மண்ணோடு போயிற்று. பிறகு ஒரு காலை வெள்ளை உதைக்காமல் நின்றாள். தோலை மட்டும் சிலிர்த்தாள். நான் மெதுவாய்க் கறந்தேன். கொட்டில் பல்ப் வெளிச்சம் நேரே என் முகத்தில் விழுந்தது. அவனுக்கு அது நடுச்சாமம் கழிந்த நேரம். வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பானோ, களைத்து நித்திரையாய்ப் போயிருப்பானோ, எனக்குத் தெரிய வழி இல்லை.

மகன் இப்போது கிழமைக்கு ஒருமுறை எடுக்கிறான். மாடுகளைப் பற்றிக் கதைக்கிறோம். மழையைப் பற்றிக் கதைக்கிறோம். நான் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. அது வருகிற இடத்துக்குக் கதை வந்ததும் இரண்டு பேரும் கொஞ்சம் பேசாமல் இருக்கிறோம், பிறகு அவன் வைக்கட்டோ என்கிறான், நான் ஓம் என்கிறேன். நான் பக்கம் மாறி இருப்பதைக் கண்டானா என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விடியப்புறம் முகத்தைக் கழுவி, தலையை வாரி முடிந்துகொண்டுதான் கொட்டிலுக்குப் போகிறேன். மறுபக்கம் போய் இருந்து, கமராப் பக்கம் முகத்தை நிமிர்த்திக் கறக்கிறேன். சில நாட்களில் கண் நிரம்பிவிடும். அப்போது வெள்ளையின் வயிற்றில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அவள் தோலிலேயே துடைத்துக்கொள்வேன். பிறகு திரும்பவும் நிமிர்ந்து இருப்பேன்.